உறை இருக்கிறது, தட்டைக் காணோம்

பசி வந்தால் வில்ஃப் கேட்லோவுக்கு முதலில் வலிப்பது வயிறு அல்ல, முதுகுதான். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து நிலக்கரி மூட்டை சுமந்த முதுகு அது. வயிறு நிறைந்திருக்கும்வரை சும்மா இருக்கும். காலியாகிவிட்டால் இடுப்பிலிருந்து பிடரிவரை ஒவ்வோர் எலும்பாக எழுந்து நின்று பேசும். அந்த வெள்ளிக்கிழமை எல்லா எலும்பும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்த நேரத்தில், மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் வாசிப்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவன் குனிந்து நின்றான்.

பெட்டிக்குள் பழுப்புக் காகித உறை ஒன்று கிடந்தது. அதற்குள் இருக்க வேண்டிய இசைத்தட்டைக் காணோம். புதன்கிழமை மாலையிலிருந்து பிராக்கன்ஷா ஊரில் வேறு பேச்சே இல்லை.

“பாத்தாச்சு அக்கா,” என்றான் வில்ஃப். “உள்ள ஒண்ணுமில்ல. ஊரே சொன்னதை நாமளும் குனிஞ்சு பாத்து உறுதி பண்ணிட்டோம். மீனும் சிப்ஸும் சாப்பிடப் போலாமா?”

“கொஞ்சம் நகரு,” என்றாள் ஹெட்டி பில்லிங். “ஜன்னல் வெளிச்சம் பூரா உன் மேலதான் விழுது.”

ஹெட்டி பாதி ஆயுளைத் தறிகளுக்கு நடுவில் கழித்தவள். ஆலையில் பாதித் தறிகளை நிறுத்தியபோது அவளையும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதமே கூட்டுறவுக் கடையில் தேயிலை களவு போக, வரிசையில் நின்றபடியே ஆளைக் காட்டிக்கொடுத்தாள். அன்றிலிருந்து ஊரில் எது தொலைந்தாலும் குடல்கறிக் கடை மாடியில் இருக்கும் அவள் அறைக்குத்தான் வருவார்கள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. கதவைத் தட்டினால் வில்ஃப் திறப்பான். அவன் கதவை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தே பாதிப் பொய்யர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

காணாமல் போன தட்டு சாதாரணத் தட்டு அல்ல. இந்த ஊர் மீன்கடைக்காரர் மகன் லயனல் தோர்ன்பர் ‘தீவின் காவல்’ என்று ஒரு மெட்டுப் போட்டார். பட்டாளமும் பாடியது, பள்ளிக்கூடமும் பாடியது, தோற்றுப்போன கால்பந்து அணிக்காரர்களும் பாடினார்கள். அரசர் அவரை சர் ஆக்கினார். மைக் வருவதற்கு முந்தின காலத்தில், ஒரு தகரக் குழல் முன்னால் வாத்தியக்காரர்களை நெருக்கி நிறுத்தி, அவரே கையசைத்துப் பதிவு செய்த முதல் தட்டு இது. இன்னொரு பிரதி எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. சாகும் முன் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஊசி பட்டால் தேயும் என்று கமிட்டி அதைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்தது. அதைக் காதால் கேட்டவர் ஊரில் எவருமில்லை.

சனிக்கிழமை சதுக்கத்தில் சர் லயனலின் சிலையைத் திறக்கிறார்கள். அங்கே முதன்முறையாக ஒலிபெருக்கியில் அந்தத் தட்டைப் போடுவதாக ஏற்பாடு. அதில் ஒரு பழைய சண்டையும் தீர வேண்டியிருந்தது. கவுன்சிலர் எட்கர் விட்டம் நடத்தும் பாடகர் குழு அந்த மெட்டைச் சவப்பெட்டி தூக்குகிறவர்கள் மாதிரி மெதுவாகப் பாடும். ஊர் பித்தளை வாத்தியக் குழு அதையே ரயிலைத் தவறவிடப் போகிறவன் மாதிரி வாசிக்கும். அந்தக் குழுவில் பெரிய மேளம் அடிப்பது வில்ஃப்தான். தட்டில் என்ன வேகம் இருக்கிறதோ, இனி இரண்டு தரப்பும் அதற்கே கட்டுப்பட வேண்டும் என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

“பூட்டு உடையல,” என்றாள் ஹெட்டி. “சாவி போட்டுத்தான் திறந்திருக்காங்க.”

“அதனாலதானே பெஸி தலையில விழுந்துது.”

பெஸி ஹிண்டில் இன்ஸ்டிட்யூட்டின் காவல்காரி. தரை துடைப்பதும் அடுப்பு மூட்டுவதும் விளக்கணைப்பதும் அவள்தான். புருஷன் போன பிறகு கீழ்த்தளத்தில் இருக்கும் இரண்டு அறைகள்தான் அவளுக்கு வீடு. சாவி அவளிடம் இருந்ததால் திருடியவளும் அவளே என்று, கமிட்டித் தலைவரும் ஆலை முதலாளியுமான விட்டம் சொல்லிவிட்டார். வெள்ளி மாலைக்குள் தட்டு வரவில்லை என்றால் வேலையும் போகும், வீடும் போகும். அதற்கு மேல் கான்ஸ்டபிள் பார்த்துக்கொள்வார்.

அவளே வாளியும் கையுமாக அறைக்குள் வந்தாள். நாளைக்கு இருக்கப் போகிறாளோ இல்லையோ, இன்றைக்குத் தரை துடைத்தாக வேண்டும் என்று வந்திருந்தாள். வில்ஃப் வணக்கம் சொன்னது அவள் காதில் விழவில்லை. தறிச் சத்தம் அவள் இரண்டு காதையும் எப்போதோ தின்றுவிட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், அவ்வளவுதான்.

“செவிட்டுப் பொம்பள பாட்டைத் திருடினாளாம்,” என்றாள் பெஸி, தரையைப் பார்த்தபடி. “திருடுறதுன்னா நிலக்கரியைத் திருடியிருப்பேன். கீழ அறையில குளிர் நடுக்குது.”

ஹெட்டி அவள் தோளைத் தொட்டுத் திருப்பி, இன்னொரு சாவி யாரிடம் என்று கேட்டாள். தலைவரிடம் என்றாள் பெஸி. அவரை யாராவது கேட்டார்களா என்றாள் ஹெட்டி. பெஸி துடைப்பத்தை ஊன்றி நின்று அவளைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. ஆலை முதலாளியை யார் கேட்பது?

படியிறங்கும்போது ஹெட்டி சொன்னாள்: “அந்த உறையைப் பாத்தியா?”

“பாத்தேன். காகிதம். திங்க முடியாது.”

“தட்டு கண்ணாடி மாதிரி, தட்டினா உடையும். திருடுறவன் உறையோடதான் எடுத்துட்டுப் போவான். இவன் உறையை விட்டுட்டுப் போயிருக்கான். ஏன்? வெளிய நின்னு பாக்குறவங்க உள்ள தட்டு இருக்குன்னு நினைக்கணும். ஒரு ராத்திரி நினைச்சாப் போதும், காலையில திரும்ப வெச்சுடலாம். இது திருட்டே இல்லடா. இரவல்.”

வில்ஃப் நின்றுவிட்டான். “இரவல் வாங்கினவன் ஏன் திருப்பித் தரல?”

“அதான் கேள்வி. தட்டை இரவல் வாங்கினா என்ன பண்ணுவ?”

“பாட்டுக் கேப்பேன்.”

“அதுக்கு என்ன வேணும்?”

“கிராமபோன். ஊசி. அப்புறம் ஒரு பொட்டலம் சிப்ஸ்.”

மூன்றாவதைக் காதில் வாங்காமல் ஹெட்டி ஓட்ஸ் என்பவரின் கடையை நோக்கி நடந்தாள். பிராக்கன்ஷாவில் கிராமபோன் ஊசி விற்பது அங்கே மட்டும்தான்.

ஓட்ஸ் மெலிந்த மனுஷர். வாடிக்கையாளர் ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று முதலில் விறைத்தார். வில்ஃப் கல்லாப் பலகைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றினான். பலகை முனகியது. அதன்பிறகு ஓட்ஸ் தானாகவே பேசினார். இரும்பு ஊசி எல்லாரும் வாங்குகிறார்கள், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் தட்டு தேயக் கூடாது என்று நினைக்கிறவர்கள் மூங்கில் ஊசி கேட்பார்கள். ஒரே ஒருமுறை போட்டாலும் கீறல் விழக் கூடாதே என்று பயப்படுகிற ஆட்கள்தான் அதை வாங்குவார்கள். இந்த வாரம் ஒருத்தர் வாங்கினார். திங்கட்கிழமை, கடை சாத்துகிற நேரத்தில், தொப்பியை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டு வந்தார்.

“முகம் தெரியலையா?” என்று கேட்டாள் ஹெட்டி.

“முகம் தெரியல. மீசை தெரிஞ்சுது,” என்றார் ஓட்ஸ்.

அந்த மீசை பிராக்கன்ஷாவில் ஒருவருக்குத்தான் உண்டு. கவுன்சிலர் விட்டம் வைத்திருக்கும் மீசை மேலுதட்டை மூடி, கீழுதட்டையும் எட்டிப் பார்க்கும். சூப் குடித்தால் பாதி அதற்குத்தான்.

வெளியே வந்ததும் வில்ஃப் வாய்விட்டுச் சிரித்தான். கிராமபோன் வந்துதான் ஊரில் பாட்டுச் செத்தது, என் வீட்டு வாசற்படியை அது மிதிக்காது என்று மேடைக்கு மேடை சொல்கிறவர் விட்டம். ஹெட்டி சிரிக்கவில்லை. அவர் ஏன் எடுத்தார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. இருபது வருடமாக மெதுவாகப் பாட வைத்தவர். நாளைக்கு ஊர் முன்னால் தட்டு வேகமாகப் பாடிவிட்டால் முகத்தை எங்கே வைப்பார்? முன்னாடியே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டிருக்கிறார். கேட்டுவிட்டு வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஏன் வைக்கவில்லை?

“உடைச்சிருப்பார்,” என்றான் வில்ஃப். “வேகமா இருந்திருக்கும். கோபத்துல உடைச்சிருப்பார்.”

“அந்தாளுக்கு எதையும் உடைக்கத் தைரியம் இல்ல. இன்னைக்கு சேப்பல்ல விற்பனைச் சந்தை கடைசி நாள். அவர் பொண்டாட்டி அங்க கடை போட்டிருக்கா. வா.”

“அங்க திங்க என்ன இருக்கும்?”

“கறுப்புப் பட்டாணி.”

வில்ஃப் அவளுக்கு முன்னால் நடந்தான்.

சேப்பல் என்னும் சின்னத் தேவாலயத்தின் கூடம் கொதித்துக்கொண்டிருந்தது. தேநீர்ப் பானை சீறியது. குழந்தைகள் மேசைகளுக்கு அடியில் ஓடின. பக்கத்து அறையில் பித்தளைக் குழு நாளைக்காக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய மேளக்காரன் வராததால் மெட்டு கால் தடுக்கித் தடுக்கி ஓடியது. கூடத்துக்குள் யார் பேசினாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது.

வில்ஃப் சுடச்சுடப் பட்டாணி வாங்கி வினிகர் ஊற்றிக்கொண்டான். முதல் கரண்டியை வாயருகே கொண்டுபோகும்போது ஹெட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கூடத்தின் ஓரத்தில் ஒரு பழைய கிராமபோன் விற்பனைக்கு நின்றது. ‘விட்டம் இல்லத்தில் சேர்ந்த அன்பளிப்பு’ என்று அட்டை தொங்கியது. ஊரில் சேர்த்த சாமான்கள் சந்தை தொடங்கும்வரை விட்டம் வீட்டு முன்னறையில்தான் குவிந்து கிடந்தன என்று அட்டை எழுதிய பெண்மணி சொன்னாள். ஹெட்டி ஊசி பொருத்தும் ஒலிப்பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். அதில் செருகியிருந்தது மூங்கில் ஊசி.

“வாசற்படியை மிதிக்காத கிராமபோன், முன்னறை வரைக்கும் போயிருக்கு,” என்றான் வில்ஃப்.

அதற்கு அடுத்த மேசையில் பூந்தொட்டிகள் வரிசையாக இருந்தன. அந்த வருடம் ஊர்ப் பெண்களுக்கு அதுதான் பைத்தியம். தேய்ந்த இசைத்தட்டைச் சுடுதண்ணீரில் போட்டால் தோல் மாதிரி இளகும். கிண்ணத்தின்மேல் கவிழ்த்து ஓரத்தை மடித்துவிட்டால் அலையலையாகத் தொட்டி தயார். நடுவில் ஓட்டை ஏற்கெனவே இருப்பதால் தண்ணீர் வடியக் கவலையில்லை. ஹெட்டி ஒன்றை எடுத்து உள்ளே தடவினாள், வெளியே தடவினாள். இரண்டு பக்கமும் வரிவரியாகக் கோடுகள். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

அந்த மேசைக்குப் பின்னால் மார்த்தா விட்டம் நின்றுகொண்டிருந்தாள். தொப்பியில் இறகு, கழுத்தில் முத்து. முதலாளியைக் கட்டுவதற்கு முன் அவளும் நான்கு தறி ஓட்டியவள்தான். அதை இப்போது அவளும் பேசுவதில்லை, மற்றவர்களும் பேசுவதில்லை. கூடத்தின் மறுகோடியில் தேநீர்ப் பானை அருகே அவள் தங்கை ஐவி.

“வில்ஃப், அந்தத் தூண் பக்கத்துல போய் நில்லு. அசையாத,” என்றாள் ஹெட்டி.

“எதுக்கு?”

“நான் உன் பின்னால நிக்கணும். கடவுள் உன்னை இவ்வளவு அகலமாப் படைச்சதுக்கு இன்னைக்குத்தான் அர்த்தம் கிடைச்சிருக்கு.”

வில்ஃபுக்குப் புரிந்துவிட்டது. நெசவுக்கூடத்தில் குரலுக்கு வேலை இல்லை. ஆயிரம் தறி அடிக்கிற சத்தத்தில் பெண்கள் உதட்டை மட்டும் அகல அசைத்துப் பேசிக்கொள்வார்கள். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு சத்தம் இல்லாமல், ஊர்க்கதை முழுக்கப் போகும். சின்ன வயதில் அவன் அம்மாவும் சித்திகளும் அவன் தலைக்கு மேலே அப்படித்தான் பேசிச் சிரிப்பார்கள். என்ன பேசினார்கள் என்று அவனுக்குக் கடைசிவரை தெரிந்ததில்லை. அதில் பாதி தன்னைப் பற்றித்தான் என்று மட்டும் தெரியும்.

மார்த்தா தலையில் இறகு வைத்திருந்தாலும் வாய் தறிக்காரியின் வாயாகவே இருந்தது. கூடத்தில் சத்தம் ஏறியதும் பழக்கம் தானாக வந்துவிட்டது. அவள் தங்கையைப் பார்த்து உதட்டை அசைத்தாள். ஹெட்டி வில்ஃபின் முழங்கைக்கு மேலாக எட்டிப் பார்த்து, மூச்சுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“‘முகம் ஏன் இப்படி இருக்கு’ன்னு ஐவி கேக்குறா. ‘ரெண்டு ராத்திரியா தூக்கமில்ல’ங்கிறா இவ. ‘எட்கர் அலமாரி மேல வெச்சிருந்தாராம், எனக்குச் சொல்லல. நான் மத்த தட்டோட சேத்துச் சுடுதண்ணில போட்டுட்டேன்.’”

வில்ஃபின் கரண்டி பாதி வழியில் நின்றது.

“‘எதை’ங்கிறா ஐவி. ‘அதைத்தான்டி’ங்கிறா. ‘மேல காகிதம் ஒட்டியிருந்துது, தண்ணியில உரிஞ்சு போச்சு. நான் என்னத்தைக் கண்டேன்.’ ‘இப்ப எங்க இருக்கு?’ ‘புதன்கிழமை காலையிலயே வித்துப் போச்சு. யார் வாங்கினான்னு சொன்னா நீ நம்ப மாட்ட...’”

அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர் தொட்டி விலை கேட்டு மார்த்தாவின் எதிரே வந்து நின்றார். ஹெட்டிக்கு அவள் வாய் மறைந்துவிட்டது, ஐவிக்கு மறையவில்லை. வில்ஃப் அந்தக் கிழவரைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே வைக்கலாமா என்று யோசித்தான். ஆனால் ஹெட்டியின் பார்வை ஏற்கெனவே மறுகோடிக்குப் போயிருந்தது. ஐவி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். கேட்ட பெயரை நம்பமுடியாமல் திருப்பிச் சொன்னாள். ஹெட்டி அதைப் படித்துவிட்டு, வில்ஃபின் கையிலிருந்த பட்டாணிக் கிண்ணத்தை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

“ஓடு,” என்றாள். “இன்ஸ்டிட்யூட்டுக்கு. பெஸி வீட்டுக்கு.”

கீழ்த்தள அறையில் பெஸி தன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கி முடித்திருந்தாள். சாமான் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஜன்னல் விளிம்பில் ஒன்றை மட்டும் கடைசியாக எடுக்கலாம் என்று விட்டிருந்தாள். சிவப்பு ஜெரேனியம் செடி. தொட்டி கறுப்பு, ஓரம் அலையலையாக, வெளிப்பக்கம் முழுக்க மஞ்சள் பூ ஓவியம்.

ஹெட்டி செடியை மண்ணோடு தூக்கி ஒரு பாத்திரத்தில் வைத்தாள். தொட்டியின் உள்ளே விரலை ஓட்டினாள். கோடுகள் இருந்தன. வெளியே ஓட்டினாள். வழுவழுவென்றிருந்தது.

“பழைய தட்டுல ஒரு பக்கம்தான்டா பாட்டு. மறுபக்கம் வெறும் பலகை. இப்ப வர்ற தட்டெல்லாம் ரெண்டு பக்கமும் பாடும். அந்தக் கோட்டு மேல சாயம் நிக்காது. மார்த்தாவுக்குப் பூ வரைய வழுவழுப்பான ஒண்ணு வேணும். குவியல்ல இது ஒண்ணுதான் அப்படி இருந்திருக்கு.”

வில்ஃப் தொட்டியை வாங்கி நடு ஓட்டை வழியாகப் பார்த்தான். இங்கிலாந்தே எழுந்து நின்று கேட்கிற பாட்டின் அடியில் எருவாடை வந்தது. பிறகு அவனுக்கு உறைத்தது.

“அக்கா. திருட்டுப்போன பொருள், திருடின்னு சொல்றவ வீட்டுலயே இருக்கு. இதுக்குக் காணாமலே போயிருக்கலாம்.”

பெஸி அவன் உதட்டைப் படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். நல்ல பூவாக இருக்கிறதே என்று வாங்கினேன் என்றாள். சிவந்து வெடித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள்.

வாசலில் காலடி கேட்டது. கவுன்சிலர் விட்டம் சாவிக்கொத்தை வாங்கிப்போக வந்திருந்தார், பின்னால் கான்ஸ்டபிள். தலைவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். வில்ஃபின் கையிலிருந்த கறுப்புத் தொட்டியில் கண் நின்றது. மஞ்சள் பூவைப் பார்த்தார். வழுவழுப்பைப் பார்த்தார். மீசைக்கு மேலே தெரிந்த முகம் சாம்பலாகிவிட்டது. தட்டு தொட்டியாகிவிட்டது என்பது அவருக்குப் புதன்கிழமையே தெரியும். அது எந்த ஜன்னலில் இருக்கிறது என்பதை மார்த்தா அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

கான்ஸ்டபிள்தான் முதலில் பேசினார். அது என்ன என்று கேட்டார்.

“அதைத் தலைவர் ஐயாவைத்தான் கேக்கணும்,” என்றாள் ஹெட்டி சாதுவாக. “ஐயா, இது என்ன? பூந்தொட்டியா, தட்டா?”

விட்டம் வாயைத் திறந்தார்.

“யோசிச்சுச் சொல்லுங்க. பூந்தொட்டின்னா, பெஸி வீட்டுல திருட்டுப் பொருள் எதுவும் இல்ல. நீங்க வந்த வழியே போகலாம். தட்டுதான்னு சொன்னீங்கன்னா, அது மேல உங்க வீட்டம்மா ஏன் பூ வரைஞ்சாங்கன்னு அடுத்து கேப்பேன். அடியில எம்.டபிள்யூன்னு கையெழுத்து வேற போட்டிருக்காங்க. நல்ல கையெழுத்து.”

வில்ஃப் தொட்டியைத் தலைகீழாகத் திருப்பிக் கான்ஸ்டபிளுக்குக் காட்டினான். “மூங்கில் ஊசி ஒண்ணும் சந்தையில இருக்கு,” என்றான். “வேணும்னா அதையும் கொண்டாரேன். போன கையோட என் பட்டாணியையும் முடிச்சுட்டு வந்துடுவேன்.”

கான்ஸ்டபிள் தன் குறிப்புப் புத்தகத்தை மெதுவாகச் சட்டைப்பைக்குள் திருப்பி வைத்தார். விட்டம் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ கவனக்குறைவு நடந்திருக்கலாம், காவல்காரி வேலையைத் தொடரலாம், நாளைய விழாவுக்குத் தட்டை உடனே கொடுங்கள் என்றார். ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

பெஸி எழுந்தாள். மீசைக்காரர் உதட்டைப் படிக்க அவளால் முடியாது. ஹெட்டி திரும்பச் சொன்னபிறகுதான் விளங்கியது. வில்ஃபின் கையிலிருந்து தொட்டியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“சேப்பல் சந்தையில உங்க வீட்டம்மா கையால வித்து, நான் வாங்கினது,” என்றாள். “இது என் தொட்டி.”

சட்டப்படி அவள் சொல்வது சரிதான் என்று கான்ஸ்டபிள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பேரம் ஹெட்டி முன்னால் நடந்தது. பெஸி கேட்டது ஒன்றே ஒன்று. ஊர் முன்னால் திருடி என்று சொன்னார் அல்லவா, அதே ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாளைக்கு, மேடையில். அதற்குச் சம்மதித்தால் தட்டை இரவல் தருகிறேன். “இந்தத் தடவை கேட்டு வாங்கின இரவல்,” என்றான் வில்ஃப். விட்டம் தலையாட்டினார். கை கொடுத்தார்.

அன்று மாலை பெஸியின் அடுப்பில் தண்ணீர் காய்ந்தது. சூடு ஏறியதும் தட்டு மறுபடி இளகியது. ஹெட்டி அதை இரண்டு ஜன்னல் கண்ணாடிகளுக்கு நடுவில் வைக்க, வில்ஃப் கண்ணாடி உடையாத அளவுக்கு மேலே கனம் ஏற்றினான். தட்டு ஏறக்குறைய நேரானது. ஏறக்குறையத்தான்.

சனிக்கிழமை சதுக்கம் நிரம்பி வழிந்தது. சிலையின் துணி விலகியது. மேடையில் கிராமபோன் சுழல, ஒலிபெருக்கியில் முதலில் பொரிகிற சத்தம் வந்தது. பிறகு தூரத்துத் தகரக் குழலுக்குள்ளிருந்து ‘தீவின் காவல்’ கிளம்பியது. ஒவ்வொரு சுற்றிலும் பாதிச் சுற்று ஓடியது, பாதிச் சுற்று நொண்டியது. கடல் பயணத்தில் தலைசுற்றிப்போன பட்டாளம் வாசிப்பது போல இருந்தது. ஓடுகிற பாதியைப் பித்தளைக் குழு கைதட்டி வரவேற்றது. நொண்டுகிற பாதிக்குப் பாடகர் குழு தலையசைத்தது. கடைசி ஸ்வரம் அடங்கும் முன்பே இரண்டு தரப்பும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று எதிராளியின் முதுகைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தன.

வில்ஃபுக்கு ஒன்றில்தான் வருத்தம். தட்டில் பெரிய மேளமே கேட்கவில்லை. அந்தக் காலத்தில் மேளம் அடித்தால் மெழுகில் எழுதுகிற ஊசி துள்ளி ஓடிவிடும் என்று மேளக்காரனை வெளியே நிறுத்திவிடுவார்களாம். “அவன் வெளிய போய்ச் சாப்பிட்டிருப்பான், குடுத்து வெச்சவன்,” என்றான். பக்கத்தில் நின்ற ஹெட்டி ஒரு பொட்டலத்தை அவன் மேளத்தின்மேல் வைத்தாள். மீனும் சிப்ஸும். அவன் அதைத் திறக்கப் போன நேரத்தில் விட்டம் பேச எழுந்தார்.

நீளமாகப் பேசினார். சர் லயனலுக்கு நன்றி சொன்னார், அரசருக்கு நன்றி சொன்னார், கமிட்டிக்குச் சொன்னார், வானிலைக்கும் சொன்னார். தட்டைக் கண்டெடுக்க உதவிய நல்ல உள்ளங்கள் என்று ஒரு வரி போனது. பிறகு தொப்பியைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் மார்த்தா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிலைக்கு அந்தப் பக்கம், கூட்டத்தின் முன்வரிசையில் பெஸி ஹிண்டில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தாள். பேச்சு முழுக்க அந்த மீசையையே பார்த்துக்கொண்டிருந்தவள், அதன் பின்னால் எந்த வார்த்தை போனது என்று தெரியாமல் இப்போது சதுக்கத்தைத் தாண்டி ஹெட்டியைத் தேடினாள். கண்டதும் உதட்டை அசைத்தாள்.

சொல்லிட்டாரா?

கைதட்டல் பெரிதாக இருந்தது. ஹெட்டி குரலை எழுப்பவில்லை. நெசவுக்கூடத்தில் தூரத்துத் தறிக்காரிக்குச் சொல்கிற மாதிரி, வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமில்லாமல் சொன்னாள். சதுக்கத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் தறி ஓட்டிய பெண்கள். இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைவரை அத்தனை பெண்களின் தலையும் ஹெட்டி பக்கம் திரும்பியது, பிறகு மேடை பக்கம் திரும்பியது. மார்த்தா நிமிர்ந்தாள். படித்தாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் ஏன் தன்னையே பார்க்கிறார்கள் என்று புரியாமல் விட்டம் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

வில்ஃப் சிப்ஸை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தான். அம்மாவும் சித்திகளும் பேசியது எதுவும் புரியாமலே வளர்ந்தவன், இதை மட்டும் ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டான்.

இன்னும் இல்ல, பெஸி. உனக்கு ஒரு மன்னிப்பு பாக்கி.